சாரல் சாலையில் ஓர் இயற்பியல் பாடம்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒன்பதாம் வகுப்பில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பந்தயத்துக்குச் சில நாள்கள் முன்பு, பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றதையும், அவர் காயமின்றி இறங்கி நடந்ததையும் அலைபேசியில் பார்க்காத மாணவன் ஒருவன்கூட இல்லை. அந்த வாரம் என்னிடம் இரண்டு கேள்விகள் வந்தன. "டீச்சர், ரேஸ் ஓட்டணும்னா எங்க போயி சேரணும்?" என்பது ஒன்று. "அவ்வளவு வேகத்துல மோதியும் அவருக்கு ஒண்ணும் ஆகலயே, எப்படி டீச்சர்?" என்பது மற்றொன்று.

முதல் கேள்வி வாழ்க்கைத் தொழில் பற்றியது, இரண்டாவது இயற்பியல். நம்மில் பலர் இரண்டையும் "படிக்கிற வேலையைப் பாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஆனால் தென்காசி, குற்றாலம் பகுதியில் வேலை பார்க்கும் எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை இங்கே சீசன். சாரலில் சாலை நனைந்தே கிடக்கும். அந்தச் சாலையில் அப்பாவின் பைக்கையோ அண்ணனின் பைக்கையோ எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் பறக்கிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. முந்தைய சீசனில் எங்கள் மாணவன் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு காலாண்டுத் தேர்வு எழுதினான். "மெதுவாகப் போ" என்று அவனுக்கு வீட்டில் சொல்லாதவர் இல்லை. மெதுவாக என்றால் எவ்வளவு, ஏன் என்று மட்டும் யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

அதே பிள்ளைகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் 'இயக்க விதிகள்'. வெளியே சாரல், உள்ளே நியூட்டன். இதைவிடப் பொருத்தமாக ஒரு பாடவேளை அமையாது. நான் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். அறிவியல் ஆசிரியர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் உதவுபவை இடையே வரும்.

முதல் செயல்பாடு, ஸ்கேல் பிடித்தல். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்திருப்பார். மற்றவர் கீழ் முனையில், 0 இருக்கும் இடத்தில், விரல்களைத் தொடாமல் விரித்து வைத்திருப்பார். சொல்லாமல் ஸ்கேலை விட வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் 20 செ.மீ. என்றால் அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. s = ½gt² என்ற சமன்பாட்டிலிருந்து மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் 15 முதல் 22 செ.மீ.க்குள் பிடித்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பினால் அதைத் தவறான தொடக்கமாகக் கொள்ளும் விதியை இந்த இடத்தில் சொன்னேன். அதைவிட விரைவாக மனித உடல் ஒலியைக் கேட்டுச் செயல்பட முடியாது என்பதே அந்த விதியின் அடிப்படை. மாவட்டப் போட்டியில் 100 மீட்டர் ஓடிய மாணவி ஒருத்தி, "அதான் அன்னைக்கு ஒரு பிள்ளைய வெளிய அனுப்பினாங்களா!" என்றாள்.

பிறகு அதே சோதனையை, பிடிப்பவரிடம் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லிக்கொண்டே செய்தோம். பாதிப் பேருக்கு ஸ்கேல் முழுதாகக் கீழே விழுந்துவிட்டது. வண்டி ஓட்டும்போது அலைபேசியில் பேசினால் என்ன ஆகும் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாலையில் இந்த 0.2 விநாடி போதாது. ஆடு குறுக்கே வருவதைப் பார்க்க வேண்டும், அது ஆடுதான், நிற்காது என்று முடிவு செய்ய வேண்டும், கையும் காலும் பிரேக்குக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்த்து 1 விநாடி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். பிரேக் பிடித்தபின் வண்டியின் எதிர்முடுக்கம் காய்ந்த தார்ச்சாலையில் 7 மீ/வி², நனைந்த சாலையில் 4 மீ/வி² என்றும் வைத்துக்கொண்டோம். இவை நல்ல டயரும் நல்ல பிரேக்கும் பழகிய கையும் இருந்தால் கிடைக்கக்கூடியவை. நம் பையன்களுக்கு இவ்வளவும் கிடைக்காது என்பதையும் அவர்களிடம் மறைக்கவில்லை.

v² = u² + 2as. வண்டி நிற்பதால் v = 0. மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11.1 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 11.1 மீட்டர் போய்விடுகிறது. தொட்டபின் காய்ந்த சாலையில் 8.8 மீட்டர். கூட்டினால் ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம். கரும்பலகையில் நான் 'பிட்ச்' என்று எழுதியதும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் மீட்டரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பிட்சிலேயே அளந்தோம். 60 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் 36.5 மீட்டர், ஈரச் சாலையில் 51 மீட்டர். அதாவது இரண்டரை பிட்ச். 80 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் 57.5 மீட்டர், ஈரச் சாலையில் 84 மீட்டர். நான்கு பிட்சுக்கும் மேல். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதை நான் சொல்லவில்லை. 40-க்கான 8.8-ஐயும் 80-க்கான 35.3-ஐயும் பார்த்து ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள்.

கணக்கு நோட்டிலேயே முடிந்திருந்தால் மறுநாள் மறந்திருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியும் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். ஒரு கோட்டில் 'இங்கே ஆட்டைப் பார்த்தாய்' என்று ஒரு மாணவனை நிறுத்தினோம். 20 மீட்டரில் ஒருவன், 36.5-ல் ஒருவன், 51-ல் ஒருவன். 84 மீட்டருக்குப் போக வேண்டியவன் மதிற்சுவர் வரை போய் நின்றுகொண்டு, "டீச்சர், கிரவுண்டு முடிஞ்சுட்டு!" என்று கத்தினான். எங்கள் மைதானம் அவ்வளவு நீளம் இல்லை. அவன் வாசல் வழியே வெளியே போய்ச் சாலைக்கு அப்பால் பெட்டிக்கடை அருகில் நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியை வைத்து இன்றும் வகுப்பில் பேச்சு ஓடுகிறது. யாராவது வேகத்தைப் பற்றி அளந்துவிட்டால், "ஏல, நீ பெட்டிக்கடையிலதாம்ல நிப்பே" என்கிறார்கள்.

இங்கே ஒரு மாணவன் கேட்ட கேள்வி உங்களுக்கும் வரும் என்பதால் குறிப்பிடுகிறேன். "மூணு பேரு உக்காந்து போனா தூரம் கூடுமா டீச்சர்?" உராய்வு விசை μmg, அதை நிறையால் வகுத்தால் எதிர்முடுக்கம் μg. சமன்பாட்டில் m அடிபட்டுப் போகிறது. "அப்போ மூணு பேரு போலாம்லா?" என்று உடனே அடுத்த கேள்வி. அதையும் விவாதமாகவே நடத்தினேன். இரண்டு பேருக்காக வடிவமைத்த பிரேக் மூன்று பேரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். பின்னால் எடை கூடினால் முன் சக்கரம் சாலையை அழுத்துவது குறைகிறது, ஹேண்டில் சொன்னபடி கேட்காது. சமன்பாடு தன் எல்லைக்குள்தான் உண்மை பேசும் என்பதை இந்த ஒரு கேள்வியில் காட்டிவிட முடிந்தது. பாடநூலின் பயிற்சி வினாக்களில் இது கிடைக்காது.

இனி, மோதியும் நடந்து வந்த அந்தக் காருக்கு வருவோம். கணத்தாக்கு என்ற கருத்தை நடத்தும்போது, கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதை நாம் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். உந்த மாற்றம் அதேதான், நேரம் கூடினால் விசை குறையும். இதற்கு இரண்டு பச்சை முட்டைகள் போதும். (சத்துணவு முட்டை அவித்தது, அது சாப்பிடுவதற்கு. இவற்றைக் கடையில் வாங்கினேன்.) இரண்டு மாணவிகள் ஒரு போர்வையைத் தொய்வாகப் பிடித்துக்கொள்ள, ஒருவன் அதன்மேல் ஓங்கி எறிந்தான். முட்டை உடையவில்லை. இரண்டாவது முட்டையை இடுப்பு உயரத்திலிருந்து தட்டில் வெறுமனே விட்டோம். என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பந்தயக் காரும் பந்தயத் தடமும் அந்தப் போர்வையைப் போலத்தான் செய்யப்படுகின்றன. காருக்குள் எஃகுக் குழாய்க் கூண்டு இருக்கிறது. ஓட்டுநரை இருக்கையோடு பல இடங்களில் பிணைக்கும் வார்ப்பட்டை, தலைக்கவசம், கழுத்து முன்னே வெட்டி இழுக்காமல் காக்கும் சாதனம், தீப்பிடிக்காத உடை எல்லாம் இருக்கின்றன. தடத்தின் வளைவுகளுக்கு அப்பால் வண்டி விலகிப் போனாலும் வேகம் குறைய வெற்றிடமும் சரளைப் படுகையும், அதன்பின் அடுக்கிய டயர்ச் சுவரும் இருக்கும். எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போகும். மருத்துவரும் ஆம்புலன்சும் தயாராக நிற்காமல் பந்தயம் தொடங்காது. இத்தனையும் இருந்தும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்த பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர்களைவிட இரண்டு வயது சிறியவர் அவர். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். வெற்றிக் காணொலிகள் மட்டுமே பிள்ளைகளை வந்தடைகின்றன, மீதியைச் சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம்.

"சென்னைல ரோட்டுலதான ஓட்டுனாங்க?" என்ற வாதமும் வந்தது. நியாயமான வாதம்தான். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியிருந்து, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவுப் பந்தயம் நடந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் அது சாலையாக இல்லை. இருபுறமும் கான்கிரீட் தடுப்புகள், அவற்றின்மேல் கம்பி வேலி, முழு நீளத்துக்கும் ஒளிவிளக்குகள், போக்குவரத்து முற்றிலும் நிறுத்தம், பன்னாட்டுக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று. இவ்வளவும் செய்தபிறகே ஒரு சாலை இரண்டு நாளைக்குப் பந்தயத் தடமாகிறது. இலஞ்சி விலக்கில் எதிரே சுற்றுலா வேன் வரும், ஓரத்தில் பலாப்பழக் கடை இருக்கும், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குடும்பமே சாலையைக் கடக்கும்.

பந்தயத் தடத்தில் கொடிகள் பேசும். தொடக்க வகுப்புகளுக்கு ஏற்ற செயல்பாடு இது. எங்கள் வளாகத்தையொட்டிய தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்த்தோம். வண்ணத் தாளில் கொடிகள் செய்துகொண்டு வட்டமாக ஓட வேண்டும். மஞ்சள் காட்டினால் முன்னே ஆபத்து, வேகம் குறை, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். நீலம் என்றால் உன் பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிடு. கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் முடிந்தது. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது. இந்தக் கடைசிக் கொடிக்குப் பிள்ளைகளே 'சாரல் கொடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வழிவிடுவதற்கு ஒரு கொடி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய வியப்பு. நீலக் கொடி காட்டியும் விலகாமல் கையை விரித்துக்கொண்டு ஓடிய ஒருவனை மற்றவர்களே வெளியே அனுப்பினார்கள்.

இப்போது முதல் கேள்வி: எங்கே போய்ச் சேர வேண்டும்? இதற்கு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் கைகொடுத்தார். தமிழ்நாட்டு வெற்று வரைபடத்தை எடுத்து, விளையாட்டு வளர்ந்த இடங்களை மாணவர்களைக் கொண்டே குறிக்கச் செய்தார். முதலில் மோட்டார் விளையாட்டு. சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் இங்கே பந்தயங்கள் வளர்ந்தன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைத்தது. 1990 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறக்கப்பட்டது. மாருதி காரின் பாகங்களைக் கொண்டு இந்தியாவிலேயே பந்தயக் காரை வடிவமைத்த எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அடுத்தவர் 2010-ல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அந்தப் பட்டியல் இன்னும் இரண்டு பேரோடு நிற்கிறது, இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். நரேனின் தந்தை ராலி ஓட்டியவர். கருணின் தந்தையும் தாத்தாவும் இதே துறையில் இருந்தவர்கள்.

அடுத்து மற்ற விளையாட்டுகளைக் குறித்தோம். சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் விளையாடத் தொடங்கிய நடராஜன், 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல். வழியாக ஐ.பி.எல். போய், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்திய அணிக்குள் வந்தார். அதே மாவட்டத்தின் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அவரை முதலில் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இந்த வரியைச் சக ஆசிரியர்கள் ஒருமுறை நின்று படிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தியிலிருந்து கணேசன் கபடியில் 1994 ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கும் அர்ஜுனா விருதுக்கும் போனார். கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பை ஆக்கியில் இந்தியாவுக்கு ஆடினார். டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்த சங்கர் நகர் மைதானம் திருநெல்வேலியில், தென்காசியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

வரைபடத்தை முடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றோம். மாணவர்களே பேசினார்கள். கபடி, ஆக்கி, தடகளப் புள்ளிகள் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் விழுந்திருக்கின்றன. மோட்டார் விளையாட்டுப் புள்ளிகள் சென்னையையும் கோவையையும் விட்டு நகரவில்லை. ஏன்? கபடிக்கு 13க்கு 10 மீட்டர் மண் போதும், ஆள் சேர்ந்தால் ஆட்டம். பந்தயக் காருக்குச் சிறு வயதிலேயே கார்ட் வண்டி வேண்டும், டயர், எரிபொருள், பயிற்சிக் கட்டணம், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் உரிமம், பிறகு வெளிநாட்டுத் தொடர்கள் என்று ஒவ்வொரு படியிலும் பணம் வேண்டும். திறமை இருந்தும் பண ஆதரவு இல்லாமல் பாதியில் நிற்பது அங்கே வழக்கமான செய்தி. இதைப் பிள்ளைகளிடம் பூசி மெழுகாமல் சொல்வதே மரியாதை என்று நினைக்கிறேன். 'முயன்றால் முடியாதது இல்லை' என்று மேடையில் பேசிவிட்டுப் போவது எளிது. அந்தப் பேச்சை நம்பி அப்பாவின் பைக்கில் பயிற்சி எடுக்கிறவனுக்கு யார் பொறுப்பு?

ஆனால் ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான், அதைச் சுற்றி நிற்பவர்கள் பலர். இதுதான் எங்கள் மாணவர்கள் அறியாமல் இருந்த பகுதி. பந்தயத்தின்போது நொடிகளில் டயர் மாற்றுகிறவர்கள் மெக்கானிக்குகள். தரவுகளைப் பார்த்து எப்போது உள்ளே வர வேண்டும் என்று சொல்பவர் பொறியாளர். கொடி காட்டும் மார்ஷல்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் வரும் தன்னார்வலர்கள். கல்லூரியிலும் மோட்டார் விளையாட்டு உண்டு. பொறியியல் மாணவர்கள் தாங்களே ஒரு சிறு பந்தயக் காரை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்டும் 'ஃபார்முலா பாரத்' போட்டி கோவை காரி தடத்தில்தான் நடத்தப்படுகிறது. அங்கே வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வடிவமைப்பை நடுவர்கள் முன் விளக்க வேண்டும், செலவுக் கணக்குக் காட்ட வேண்டும், பிரேக் சோதனையில் தேறாத கார் தடத்துக்குள்ளேயே போக முடியாது.

இந்த வழி நம் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் 2021 முதல் ஒதுக்கப்படுகின்றன, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. வேகத்தின் மீது இவ்வளவு ஆசை வைத்திருக்கும் ஒருவன் இயற்பியலையும் கணக்கையும் வெறுக்கக் காரணமே இல்லை. அவன் ஆசைப்படும் பொருளுக்குள்தான் இரண்டும் இருக்கின்றன.

பிற விளையாட்டுகளுக்கான படிகளைப் பெரும்பாலான ஆசிரியர்கள் அறிவோம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், பிறகு கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து பார்த்தால் விளையாட்டையே படிப்பாகப் படிக்கும் வழிக்கும் நூறாண்டு வரலாறு உண்டு. முதலமைச்சர் கோப்பையில் அரசு ஊழியர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது என்பதை ஆசிரியர் அறையில் நினைவூட்டினேன். இரண்டு பேர் வயதைச் சொல்லித் தப்பித்தார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: மாதத் தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மைதானத்தில் ஓடித் தீர்க்க வேண்டிய வேகம் சாலைக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தைச் சொன்னோம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சிறைத் தண்டனையைக் கேட்டபோது அசையாத ஒரு தந்தை, இந்த 25 வயதைக் கேட்டதும் எழுந்து, "அப்போ இவன் டிரைவர் வேலைக்கும் போக முடியாதா டீச்சர்?" என்று கேட்டார். அவர் வேன் ஓட்டுநர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கவலை வேறு. "காலையில பால் ஊத்தப் பையன்தான் வண்டி எடுக்கான், வேற ஆளு இல்ல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சைக்கிள் இருக்கிறதே என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். அந்த மாணவன் இப்போது விலையில்லா மிதிவண்டி கிடைக்கும் வகுப்புக்கு வர ஓராண்டு காத்திருக்கிறான்.

கடைசியாக நடத்தியது டயர் ஆய்வு. காய்ந்த தடத்தில் பந்தயக் கார்கள் வரிப்பள்ளம் இல்லாத மொழுக்கென்ற டயரைப் பயன்படுத்துகின்றன, ரப்பர் முழுதும் தரையைத் தொடுவதற்காக. மழை வந்தால் உடனே உள்ளே வந்து பள்ளமுள்ள டயருக்கு மாறுகிறார்கள். அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளி ரப்பரைத் தரையோடு சேர்க்கின்றன. பள்ளம் தேய்ந்த டயரில் சாரலில் போவது, மழையிலும் மொழுக்கு டயரை மாற்றாமல் ஓட்டுவதுதான். டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். ஓடுதளம் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மாணவர்கள் நான்கு குழுவாகப் பிரிந்து, பள்ளி வளாகத்தில் நின்ற ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்கள் அனைத்தையும் குனிந்து பார்த்து, நோட்டில் குறித்து, தலைமையாசிரியரிடம் அறிக்கை கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் மோசம் உடற்கல்வி ஆசிரியரின் பின் டயர். அவர் செங்கோட்டையிலிருந்து தினமும் வருகிறவர். மறுநாள் காலை புது டயரோடு வந்து, வண்டியை நிறுத்துமுன் பத்தாம் வகுப்பு ஜன்னல் பக்கமாக ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார்.